மாடிமேல் டிஷ் வந்த வரலாறு

தில்லியின் கரோல்பாகிலும், மும்பையின் மாதுங்காவிலும், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சூழ்ந்த தெருக்களிலும் நம்மவர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் வீட்டு மாடியிலோ பால்கனிக் கம்பியிலோ இரண்டடி அகலமுள்ள டிஷ் ஒன்று பொருத்தப்பட்டிருப்பதை இன்று எவரும் வியந்து நோக்குவதில்லை. தமிழ் கேட்க உதவும் கருவி அது என்ற அளவில் மனநிறைவு அடைகிறோம். ஆனால் அது எத்திசையை நோக்கி நிற்கிறது என்று ஒருநாளேனும் மாடியேறிப் பார்த்ததுண்டா?

தூர்தர்ஷனின் 'ஃப்ரீ டிஷ்' சேவையை ஏந்தி நிற்பது ஜிசாட்-15 என்னும் செயற்கைக்கோள். அதன் இருப்பிடம் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகை. அதை நாடி நிற்கும் டிஷ், மும்பையில் ஏறக்குறைய சென்னை இருக்கும் திசையையே நோக்குகிறது. ஊரைப் பார்த்து ஏங்கி நிற்கிறது என்று கவிஞர் எவரேனும் பாடினால் மும்பையில் அது பொருந்தும். தில்லியிலோ, சென்னை ஏறத்தாழ நேர்தெற்கில் இருக்க, டிஷ் தென்கிழக்காகத் திரும்பிவிடுகிறது. கொல்கத்தாவில் சென்னை தென்மேற்கில் இருக்கிறது. டிஷ் தெற்கை ஒட்டி நிற்கிறது. போர்ட் பிளேயரில் வாழும் நம்மவருக்குச் சென்னை மேற்கே கடலுக்கு அப்பால்; அவர்கள் வீட்டு டிஷ்ஷோ ஏறக்குறைய நேர்தெற்கே, அதுவும் தலையை வெகுவாக நிமிர்த்தி வானத்தை அண்ணாந்து பார்க்கிறது. சென்னையிலே பேசப்படும் தமிழ், நமக்குச் சென்னைத் திசையிலிருந்து வருவதில்லை. சுமாத்திராத் தீவுக்கு மேற்கே, நிலநடுக்கோட்டின்மேல், கடல்மட்டத்திற்கு 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள ஓரிடத்திலிருந்து வருகிறது.

அவ்வுயரத்தில் கிழக்குநோக்கிச் சுற்றும் கோள், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடிக்கும். ஆகவே நமக்கு அது அசையாமல் ஓரிடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். இந்த உண்மையை ஒலிபரப்புக்குப் பயன்படுத்தலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்டு' என்னும் இதழில் எழுதினார். பத்தொன்பது ஆண்டுகளில் அது நனவாயிற்று. 1964-இல் சின்காம்-3 என்னும் கோள் டோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளின் காட்சியைப் பசிபிக் கடலைத் தாண்டி எடுத்துச் சென்றது.

அந்நாளில் வெளிமாநிலத் தமிழரின் நிலை என்ன? வானொலிதான் துணை. மாடியில் இரண்டு மூங்கில்களை நட்டு, அவற்றிடையே செம்புக்கம்பியைக் கட்டி, அதிலிருந்து ஒரு கம்பியைச் சாளரத்தின் வழியே பெட்டிக்குக் கொண்டுவருவர். பகலில் எட்டாத மத்திய அலை ஒலிபரப்பு, இருட்டிய பின்னர் வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். எனவே வடநாட்டில் தமிழ் கேட்பது பெரும்பாலும் இரவில் நிகழும் செயலாக இருந்தது. இரைச்சலுக்கும் மங்கலுக்கும் இடையே காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். பெட்டி வைத்திருக்க ஆண்டுதோறும் உரிமக் கட்டணமும் செலுத்த வேண்டியிருந்தது. மூங்கிலும் கம்பியும் நட்டவர் யார்? பெரும்பாலும் வீட்டுக்காரரே. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் இது பயன்படும்.

இந்தியாவுக்குள் செயற்கைக்கோள் தட்டு முதலில் வந்தபோது அது வீட்டுப் பொருளாக இருக்கவில்லை. புனே அருகிலுள்ள ஆர்வியில் 1971-இல் திறக்கப்பட்ட நிலையத்தின் தட்டு 29.7 மீட்டர் விட்டமுடையது. கோள் அனுப்பும் குறிப்பு வலிமை குன்றியது. அதைத் திரட்டத் தட்டு பெரிதாக இருக்க வேண்டியிருந்தது. தரையிலுள்ள தட்டைச் சிறிதாக்க வேண்டுமானால் விண்ணிலுள்ள கோளின் வலிமையை மிகுவிக்க வேண்டும். இந்த எளிய கணக்குத்தான் பின்வந்த வரலாறு முழுவதையும் நடத்திச் சென்றது.

அக்கணக்கைச் சிற்றூருக்குப் பயன்படுமாறு திருப்பியவர் விக்ரம் சாராபாய். அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவுடன் 1969-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 1971 டிசம்பர் 30-ஆம் நாள் சாராபாய் மறைந்தார், திட்டம் மறையவில்லை. 1974-இல் ஏவப்பட்ட ஏ.டி.எஸ்.-6 என்னும் கோள், விண்ணிலே குடைபோல் விரியும் 9 மீட்டர் அகலமுள்ள தட்டைத் தன்னிடம் கொண்டிருந்தது. அதை 35 பாகைக் கிழக்குக்கு, அதாவது ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரிப் பகுதிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தி, 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஓராண்டு இந்தியாவுக்கு வழங்கினர். 'சைட்' என்று சுருக்கமாக வழங்கிய அச்சோதனையில் இராஜஸ்தான், பீகார், ஒரிஸ்ஸா, மத்தியப் பிரதேசம், ஆந்திரம், கர்நாடகம் என்னும் ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 கிராமங்கள் பங்குபெற்றன.

அக்கிராமங்களுக்குச் சென்ற தட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அதன் விட்டம் 3 மீட்டர், அதாவது பத்தடி. அதன் முகம் கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையால் ஆகியது! விண்வெளி ஆய்வு என்றால் பளபளக்கும் உலோகமும் வெள்ளை அங்கியும் நினைவுக்கு வருவோருக்கு இது நகைப்பாக இருக்கலாம். ஆனால் இதில் ஓர் அறிவியல் நுட்பம் அடங்கியிருக்கிறது. அந்த ஒளிபரப்பு 860 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நடந்தது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். வலையின் கண் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால், அலைக்கு அந்த வலையும் திண்மையான தகடும் ஒன்றுதான், ஊடுருவாமல் திரும்பிவிடும். காற்றோ வலையின் ஊடே சென்றுவிடும். ஆகவே தட்டு எடை குறைந்ததாக, மலிவாக, சூறைக்காற்றுக்கு அசையாததாக அமைந்தது. தொலைக்காட்சிப் பெட்டிகளை ஐதராபாத்தின் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் செய்து கொடுத்தது. கோள் மேற்கே ஆப்பிரிக்காவின்மேல் நின்றமையால் இராய்ச்சூர் மாவட்டத்துக் கிராமத்துத் தட்டு, இன்றைய நம் வீட்டு டிஷ்ஷுக்கு நேர்மாறாக, மேற்குத் திக்கைப் பார்த்து நின்றது.

நிகழ்ச்சிகள் இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில் வந்தன. தமிழ் அதில் இல்லை. தமிழ்நாட்டு மாவட்டம் எதுவும் அத்திட்டத்தில் இடம்பெறாததே காரணம். தமிழருடைய பெருவாழ்வுள்ள கொழும்பிலே, கிளார்க்கின் இல்லத்தில் மட்டும், இந்திய விண்வெளிப் பொறியாளர்கள் ஒரு தட்டை நிறுவிக் கொடுத்தனர். செயற்கைக்கோள் ஒளிபரப்பை எண்ணத்தில் வடித்தவர் அதைத் தம் வீட்டிலேயே காண வேண்டும் என்னும் நன்றியுணர்வு அது. தெற்காசியாவில் வீட்டு மாடி டிஷ்ஷின் கதையைத் தொடங்குவதானால் அந்த வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1976 ஜூலை இறுதியில் ஓராண்டு முடிந்தது. கோள் மீண்டும் அமெரிக்காவின் பக்கம் நகர்த்தப்பட்டது. கிராமத்துத் தட்டுகள் அப்படியே நின்றன. அவை நோக்கிய இடத்தில் ஒன்றும் இல்லை. நாள்தோறும் நான்கு மணிநேர அளவுக்குக் கிடைத்துவந்த ஒளிபரப்பு இல்லாமற்போன முதல் மாலையில் அவ்வூர்ச் சிறுவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. தட்டு நம்முடையதாயினும் கோள் நம்முடையதன்று என்னும் பாடத்தைச் சோதனை நடத்தியோர் நன்கு உணர்ந்திருந்தனர். 1982-இல் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ சில திங்களில் செயலிழந்தது. 1983-இல் சென்ற இன்சாட்-1பி நிலைத்து உழைத்தது.

அதே 1976-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்லர் ஹோவர்டு என்பார், தம் வீட்டிலேயே தாமே ஒரு தட்டை அமைத்து, கேபிள் நிறுவனங்களுக்காக அனுப்பப்பட்ட திரைப்பட ஒளிபரப்பைப் பெற்றுவிட்டார். நேர்மையாளராகிய அவர், பார்த்த படங்களுக்கு உரிய கட்டணத்தைக் காசோலையாக அந்நிறுவனத்துக்கு அனுப்பினார். தனிமனிதரிடம் தாங்கள் வாணிகம் செய்வதில்லை என்று அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டனர். 1979-இல் அந்நாட்டு அரசு வீட்டுத் தட்டுக்கு உரிமம் வேண்டியதில்லை என்று விதியைத் தளர்த்தியது.

நம் நாட்டு வீடுகளுக்கு வானத்தின் கதவு 1991-இல் திறந்தது. வளைகுடாப் போரின் காட்சிகளைப் பெருநகர ஓட்டல்களில் மக்கள் கூடி நின்று பார்த்தனர். அவ்வாண்டே ஸ்டார் தொலைக்காட்சி ஏசியாசாட்-1 வாயிலாக ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்தக் கோளுக்கு முற்பிறவிக் கதை ஒன்று உண்டு. 1984 பிப்ரவரியில் வெஸ்டார்-6 என்னும் பெயரோடு விண்ணுக்குச் சென்று, உந்துபொறி பழுதாகித் தாழ்ந்த பாதையில் அலைந்துகொண்டிருந்த அதனை, அவ்வாண்டு நவம்பரில் டிஸ்கவரி விண்ணோடத்தின் வீரர்கள் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவந்தனர். செப்பனிடப்பட்டு, பெயர் மாற்றப்பட்டு, 1990 ஏப்ரலில் சீன ராக்கெட்டில் மீண்டும் ஏறியது. ஒருமுறை வானிலிருந்து விழுந்து எழுந்த கோள்தான் இந்தியத் தெருக்களின் தோற்றத்தை மாற்றியது.

அந்நாளைய ஒளிபரப்பு 'சி' வரிசையில் நடந்தது. அலைநீளம் ஏறத்தாழ ஏழரை சென்டிமீட்டர். அதைத் திரட்ட எட்டடி முதல் பன்னிரண்டடி வரை அகலமுள்ள தட்டு வேண்டும். உள்ளூர்ப் பட்டறைகளில் இரும்புச் சட்டமும் அலுமினிய வலையும் கொண்டு அவற்றைச் செய்தனர். அத்தகைய தட்டைத் தனி வீட்டில் நிறுத்துவது எளிதன்று. ஆகவே கேபிள்காரர் தோன்றினார். அவர் மாடியில் தட்டு, நம் வீட்டில் கம்பி. 1993 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டன்று, சன் தொலைக்காட்சி தொடங்கியது. கோளின் ஒளி தில்லியிலும் விழும், மும்பையிலும் விழும். ஆனால் கேபிள்காரர் தம் தட்டை அத்திசைக்குத் திருப்பினாலன்றி அது நம் வீட்டுக்கு வராது. தெருவில் பத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து அவரிடம் போய்க் கேட்டுக்கொண்டதும், "இன்னும் இருபது வீடு சேர்த்துக்கொண்டு வாருங்கள்" என்று அவர் சொன்னதும் நேயர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். மூங்கிலும் செம்புக்கம்பியும் நட்டுத் தமிழ் கேட்டவரின் பிள்ளைகள், தமிழுக்காகக் கேபிள்காரரின் தயவை நாடி நின்றனர். தொழில்நுட்பம் முன்னேறியது, வீட்டுக்காரரின் கை பின்வாங்கியது.

அந்தக் கையை மீண்டும் முன்னே கொண்டுவந்தது 'கே.யு.' வரிசை. அதன் அலைநீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். சி வரிசையில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே தட்டின் விட்டமும் மூன்றில் ஒன்றாகச் சுருங்கலாம். கோளின் ஆற்றலும் மிகுந்தபோது 60 சென்டிமீட்டரே போதுமென்றாயிற்று. ஆனால் இந்திய அரசு 1997 ஜூலையில் இத்தகைய நேரடி ஒளிபரப்பைப் பெறுவதற்குத் தடை விதித்தது. எவருடைய ஒப்புதலும் வடிகட்டலும் இன்றி வெளிநாட்டு ஒளிபரப்பு நேரே இல்லத்துக்குள் இறங்குவதைப் பற்றிய அச்சம் அதற்குப் பின்னே இருந்தது. அவ்வச்சத்தை முற்றிலும் அடிப்படையற்றது என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஆயினும் இடையில் இழந்த ஆண்டுகள் வெளிமாநிலத்தில் வாழ்ந்தோருக்கு இழப்பே. 2000 நவம்பரில் தடை நீங்கியது. 2003-இல் முதல் தனியார் சேவையும், 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவையும் தோன்றின. பின்னதற்கு மாதக் கட்டணம் இல்லாமையால், பெட்டியையும் டிஷ்ஷையும் கடையில் வாங்கி, தாமே மாடியில் பொருத்திக்கொள்ளும் வழக்கம் நாடெங்கும் பரவியது.

அப்பொருத்துதலைப் பற்றி இனிச் சொல்வோம். டிஷ்ஷை ஏற்கும் தூண் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதே தலையாய விதி. பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் நேர்கிறது. தூண் சாய்ந்திருந்தால், பக்கவாட்டில் திருப்பும்போதெல்லாம் உயரக் கோணமும் சேர்ந்து மாறிக் குழப்பும். கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்று போதும். இரு பக்கங்களில் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். அடுத்து, தென்கிழக்கிலோ தெற்கிலோ நீர்த்தொட்டி, மரக்கிளை, எதிர்வீட்டுச் சுவர் ஆகியவை மறைக்காமல் வானம் தெரிய வேண்டும்.

93.5 பாகைக் கோளுக்கு உயரக் கோணம் தில்லியில் 52 பாகை, மும்பையில் 57½, கொல்கத்தாவில் 63, பெங்களூரில் 66. போர்ட் பிளேயரில் 76. வடதிசையிலிருந்து கடிகார முள் சுழலும் வழியே அளந்தால் திசைக்கோணம் தில்லியில் 149, மும்பையில் 131, கொல்கத்தாவில் 167, பெங்களூரில் 128. டிஷ்ஷின் பின்னேயுள்ள அளவுகோலில் உயரக் கோணத்தை முதலில் வைத்து நட்டை அரைகுறையாக இறுக்குக. முகத்தைப் பார்த்துக் கோணத்தை மதிப்பிடுவோர் ஏமாந்துபோவர். ஏனெனில் இவ்வகை டிஷ் நேர்முகமாகப் பார்ப்பதில்லை. அதன் குவியம் கீழே ஒதுங்கி அமைந்திருப்பதால், அலை வரும் திசையைக் காட்டிலும் முகம் இருபதுக்கு மேற்பட்ட பாகை தாழ்ந்தே தோன்றும். தில்லியில் அது ஏறக்குறைய எதிர்வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். அளவுகோல் அந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டே வெட்டப்பட்டது, அதையே நம்புக.

திசைகாட்டியை இரும்புத் தூணின் அருகில் வைத்துப் பார்க்கலாகாது. ஊசி இரும்பை நோக்கித் திரும்பிவிடும். ஐயமிருப்பின், தரையில் நட்ட கோலின் நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் காத்திருந்து குறித்தால் வடக்கு-தெற்குக் கோடு பிழையின்றிக் கிடைக்கும். முப்பாட்டனார் கோயிலுக்குத் திசை பார்த்ததும் நிழலைக் கொண்டுதானே.

பின்னர், பெட்டியை அணைத்த நிலையிலேயே கேபிளை எல்.என்.பி. என்னும் தலைப்பகுதியில் முடுக்குக. அதற்கு வேண்டிய மின்சாரம் அதே கம்பியின் வழியே மேலே செல்வதால், மின்னோட்டம் இருக்கையில் கைவைத்தால் பெட்டி பழுதாகக்கூடும். கோளுக்கு நேர்வடக்கே இல்லாத ஊர்களில் எல்.என்.பி.யையும் அதன் பிடியில் சற்றுத் திருக வேண்டியிருக்கும். இப்போது டிஷ்ஷைத் திசைக்கோணத்தை ஒட்டி மெல்லத் திருப்புக. ஒவ்வோர் அசைவுக்குப் பின்னும் சில வினாடி நிறுத்துக. பழைய ஒளிபரப்பில் மங்கிய படம் முன்னறிவிப்பாக வந்து தெளிந்தது. இப்போதைய எண்முறை ஒளிபரப்பில் பெட்டி கணக்கிட்டு முடிக்கும்வரை ஒன்றும் வராது. வந்தால் முழுதாக வரும். அவசரக்காரர் சரியான இடத்தைக் கடந்தே போய்விடுவர். திரையில் தோன்றும் இரு அளவுகளில் 'வலிமை' என்பது கோள் கிடைக்காதபோதும் எழுந்து நிற்கும். 'தரம்' என்பதே உண்மை பேசும். அது உச்சம் தொட்டபின் உயரத்தையும் எல்.என்.பி.யையும் நுண்மையாகத் திருத்தி, நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரே நட்டை ஒரேயடியாக முறுக்கினால் டிஷ் நழுவிவிடும்.

இதற்கு இருவர் வேண்டும். மாடியில் ஒருவர் ஸ்பானருடன். கீழே ஒருவர் திரைமுன். "வந்தது! போயிற்று! நிறுத்துங்கள்!" என்னும் கூக்குரல் மூன்று மாடிகளைக் கடந்து கேட்கும். அயல்வீட்டார் அத்தமிழ்ச் சொற்களைக் கற்றுக்கொண்டு நம்மையே கேலி செய்வதுண்டு. கைபேசியையே அளவுமானி முன்னே பிடித்துக் காட்டும் இக்காலத்தில் அந்த இன்பம் குறைந்துவிட்டது.

இவ்வளவு செய்து நிறுத்திய டிஷ் பிறகு அசையாதிருக்குமா? 2010 ஜூலையில் நடந்ததைக் கூறுவோம். 93.5 பாகையில் நின்ற இன்சாட்-4பி கோளின் சூரியத் தகடுகளிலிருந்து வரும் மின்சாரத்தில் குறை நேர்ந்தது; 24 அலைபரப்பிகளில் பாதி அணைக்கப்பட்டன. தமிழ் அலைவரிசைகளை மிகுதியாக வழங்கிவந்த சன் டைரக்ட், 91.5 பாகையில் நின்ற மெசாட்-3 என்னும் மலேசியக் கோளுக்குத் தன் ஒளிபரப்பை மாற்றிக்கொண்டது. வானத்தில் இரண்டே பாகை. ஆனால் 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை மொத்தமே ஏறத்தாழ மூன்று பாகை அகலந்தான்; நடுவிலிருந்து ஒன்றரைப் பாகை விலகினால் பாதி வலிமை போய்விடும். மும்பையில் ஒருவர் டிஷ்ஷைத் தெற்குநோக்கி மூன்று பாகையும், மேல்நோக்கி ஒன்றரைப் பாகையும் திருப்ப வேண்டியிருந்தது. விளிம்பில் அளந்தால் அது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவே. அந்த விரற்கடை நகர்வை அறிந்தவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மாடியேறினார். அறியாதவர் ஆள் வரும் நாளை எதிர்பார்த்து, இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடியேற வேண்டாத தடைகளும் உண்டு. கே.யு. வரிசையின் குறுகிய அலையைப் பெருமழை உறிஞ்சிவிடும். மும்பையின் ஜூலை மாதத்தில் படம் உறைந்து நின்றால் டிஷ்ஷைத் தொடாமல் மழை ஓயக் காத்திருப்பதே அறிவு. மார்ச் மாதத்தின் முற்பாதியிலும், செப்டம்பர் இறுதி - அக்டோபர் தொடக்கத்திலும் சில நாட்கள், முற்பகல் 11 மணியை ஒட்டிச் சில நிமிடம் படம் மறையும். அப்போது கதிரவன் கோளுக்கு நேர்பின்னே வந்து நிற்கிறான். அவனுடைய இரைச்சலில் கோளின் குரல் அமுங்கிவிடுகிறது. பழைய பன்னிரண்டடித் தட்டுகளை நிறுத்திய கைவினைஞர் இந்நேரத்தையே உரைகல்லாகக் கொண்டனர்: குவியத்துத் தலையின் நிழல் தட்டின் நட்டநடுவே விழுந்தால் நேர்த்தி சரி.

2024 ஜனவரியில் தூர்தர்ஷன் பொதிகை 'டி.டி. தமிழ்' என்று பெயர் மாறியது. 'ஃப்ரீ டிஷ்' பெட்டியில் தொலைக்காட்சிகளோடு வானொலி ஒலிபரப்புகளும் வருகின்றன. தொலை இயக்கியில் அதற்கென ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் திரையில் படம் இராது. பேச்சும் பாட்டும் மட்டும், இரைச்சல் ஏதுமின்றி, பட்டப்பகலிலும் கேட்கும்.